துருவேறிய நட்டு சொல்லும் வரலாறு



“ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கத்தான் போவாய்.” இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் தமிழ்ப்பள்ளியைக் கடந்து வந்தவர்கள் நம் நாட்டில் மிகச் சிலராகத்தான் இருப்பர். வீட்டிலும் சொல்கிறார்கள்; பள்ளியிலும் சொல்கிறார்கள். பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற அக்கறையில் சொல்லப்படுவதுதான். ஆனால், ஸ்பானர் பிடிப்பதற்கு அறிவு தேவையில்லை என்னும் கருத்தும் அச்சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கருத்து சரிதானா என்று வரலாற்றைக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்காக மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதுதான் துருவேறி இறுகிப்போன நட்டு. சொந்தமாக மகிழுந்தைப் பழுது பார்க்க முனைந்தவர்கள் இதனை நன்கு அறிவர். பழைய உறுப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தப் பத்து நிமிடம் போதும்; அதனைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற அரைநாள் ஆகும். அந்த அரைநாளுக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நம் பேரா மாநிலத்துத் தோட்டத் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

மரையும் புரியும்

நட்டு, போல்ட்டு என்பவை ஆங்கிலேயரோடு வந்த சொற்கள். ஆனால், அவற்றின் உள்ளே இருக்கும் சுருள் வரிக்கு நம் மொழியில் சொல் இருக்கிறது. அதனை மரை என்கிறோம். புரி என்றும் சொல்கிறோம். அறிவு தடுமாறியவனை மரை கழன்றவன் என்று கேலி செய்யும் வழக்கும் இதிலிருந்து வந்ததே. நம் பெண்களின் தோட்டையும் மூக்குத்தியையும் பிடித்திருக்கும் திருகாணி, சிறிய போல்ட்டும் நட்டுமே அன்றி வேறென்ன? பயணத்துக்குத் தண்ணீர் எடுத்துச் சென்ற பித்தளைக் கூஜாவின் மூடியும் மரையில்தான் இறுகியது. ஆணியைத் திருப்பும் உளிக்குத் திருப்புளி என்று அழகாகப் பெயரிட்டவர்கள் நம்மவர்கள்.

சங்கில் வலம்புரி அரிது என்பது நாம் அறிந்ததே. நட்டில் இடப்புரி அரிது. பெரும்பாலான நட்டுகள் வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழலும். விதிவிலக்கைக் காட்டுவதற்குப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளையின் மிதிவண்டி போதும். அதன் இடப்பக்க மிதிகட்டை இடப்புரியில் பொருத்தப்பட்டது. இல்லையென்றால் மிதிக்க மிதிக்க அது தானே கழன்றுவிடும். ஜப்பானிய லோரிகள் பலவற்றிலும், 2010-ஐ ஒட்டிப் புதிய முறைக்கு மாறும் வரை, இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடப்புரியாகவே இருந்தன. இதனை அறியாதவர் கழற்றுவதாக எண்ணிக்கொண்டு மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே இருப்பார். ஆகவே, ‘எந்தப் பக்கம் திருப்புவது?’ என்பதே பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தண்டவாளத்தோடு வந்த பாடம்

மலாயாவின் முதல் இரயில் பாதை நம் பேராவில்தான் போடப்பட்டது. தைப்பிங்கிலிருந்து இன்று கோல செப்பெத்தாங் எனப்படும் போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, 1885-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல எழுந்த பாதை அது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து வேலைப்படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர்ப் பாதை நீள நீள, தண்டவாளப் பராமரிப்பில் தமிழர்கள் பெருமளவில் ஈடுபட்டனர்.

இரண்டு தண்டவாளங்கள் சந்திக்கும் இடத்தில் இருபக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட்டுகளால் இணைப்பர். வெயிலில் தண்டவாளம் நீளும், இரவில் சுருங்கும். இணைப்பு துருவேறி இறுகிவிட்டால் நீள இடமின்றித் தண்டவாளம் வளைந்துவிடும். எனவே குறித்த கால இடைவெளியில் போல்ட்டைக் கழற்றி, எண்ணெய் பூசி, மீண்டும் முடுக்குவது பராமரிப்பு வேலையின் ஒரு பகுதியாயிற்று. நட்டு இறுகும் முன்னரே எண்ணெய் இடவேண்டும் என்ற பாடத்தை நம் முன்னோர் அங்குதான் கற்றனர்.

எல்லா நட்டும் ஒரே நட்டு அன்று

ஒரு காலத்தில் ஒவ்வோர் ஆலையும் தனக்கென்று ஓர் அளவில் மரை வெட்டியது. ஓர் ஆலையின் நட்டு மற்றோர் ஆலையின் போல்ட்டில் ஏறாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர், மரைகளுக்கு ஒரே சீரான அளவுமுறையை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை என்று அவர் வகுத்தார். இங்கிலாந்தின் இரயில் நிறுவனங்கள் அதனை ஏற்றன. பிரிட்டிசு ஆட்சி சென்ற இடமெல்லாம் அந்த நட்டும் சென்றது.

அமெரிக்கர்கள் அதனை ஏற்கவில்லை. 1864-இல் வில்லியம் செல்லர்சு என்பவர் 60 பாகைக் கோணத்தில் வேறொரு முறையை முன்வைத்தார். வேற்றுமை வெறும் 5 பாகைதான். ஆனால், இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் ஆயுதங்களையும் வண்டிகளையும் பழுது பார்ப்பதில் அந்த 5 பாகை பெருந்தொல்லை கொடுத்தது. அதன் பிறகே 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றுகூடி, 60 பாகையில் ஒரு பொது மரையை ஏற்பதாக ஒப்பமிட்டன. ஐரோப்பிய நாடுகளோ மில்லிமீட்டர் அளவில் தங்கள் வழியில் சென்றுகொண்டிருந்தன.

இதெல்லாம் பெரியவர்கள் மேசையில் அமர்ந்து எடுத்த முடிவுகள். அவற்றின் விளைவைச் சுமந்தவர்கள் யார்? ஒரே கொட்டகையில் பல நாட்டு இயந்திரங்களைப் பழுது பார்த்த தொழிலாளர்கள்தாம்.

இரப்பரும் இரும்பும்

1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 இரப்பர் நாற்றுகளில் 9 நாற்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கிருந்து பரவிய மரம் பேராவின் முகத்தையே மாற்றியது. மகிழுந்துக்கு டயர் வேண்டும். டயருக்கு இரப்பர் வேண்டும். இரப்பருக்குப் பால்மரம் சீவும் கைகள் வேண்டும். நம் பாட்டன் பாட்டியர் இங்கு வந்ததன் காரணத்தில் மகிழுந்தும் ஒன்று என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

தோட்டம் என்றதும் நமக்கு உளியும் மங்கும் வாளியும் காண்டாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஒரு ‘ஸ்டோர்’ இருந்தது. பால் உறைய வைக்கும் தொட்டிகளும், உறைந்த பாலைத் தகடாக்கும் உருளைகளும், அவற்றை ஓட்டும் இயந்திரமும் அங்கே இருந்தன. பால் ஏற்றும் லோரியும் துரையின் காரும் அங்குதான் பழுது பார்க்கப்பட்டன. அந்த வேலைக்கு இருந்தவர் ஃபிட்டர். என் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர். அதற்குமேல் பள்ளி அவருக்கு வாய்க்கவில்லை.

தோட்டத்து இரும்புக்குப் பகைவர்கள் பலர். முதலாவது, ஈரம். பேராவின் தைப்பிங் நகரம் தீபகற்ப மலேசியாவிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருவாகும். துரு தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளியில் அது பருக்கும்போது, ஆப்பு அடித்ததுபோல் இரண்டும் இறுகிவிடும். நட்டு கழலாமல் போவதன் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது, அமிலம். இரப்பர்ப் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் பயன்பட்டது. தோட்டத்தில் அதனை ‘ஆசிட்’ என்றே அழைப்பர். அது தெறித்த இடத்தில் இரும்பு விரைவாகத் துருவேறும். மூன்றாவது, அமோனியா. பால் வழியிலேயே உறைந்துவிடாமல் இருக்க அதனைச் சேர்ப்பர். அது செம்புக்கும் பித்தளைக்கும் ஆகாது. இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. பிரிட்டிசு இராணுவம் மழைக்காலத்தில் குதிரை இலாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பதை ஆய்வாளர்கள் 1921-இல் விளக்கினர். இரும்பு நட்டு இறுகும். பித்தளை நட்டோ பிளக்கும். இரண்டையும் ஒரே வலுவில் திருகக் கூடாது என்பதைத் தோட்டத்து ஃபிட்டர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஃபிட்டரின் முறை

என் தந்தையார் இறுகிய நட்டை அணுகிய வரிசை எனக்கு இன்றும் மனப்பாடம். பின்னாளில் அறிவியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவருடைய ஒவ்வொரு படிக்கும் காரணம் இருந்தது.

1. முதலில் தூய்மை. கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையில் உள்ள மண்ணையும் துருவையும் தேய்த்து எடுப்பார். நட்டு வெளியே வரவேண்டிய பாதை அதுதான். பாதையை அடைத்துவிட்டு ஆளை வெளியே வா என்றால் எப்படி வருவார்?

2. அடுத்து எண்ணெய். மண்ணெண்ணெயோடு சிறிது இயந்திர எண்ணெய் கலந்து துணியில் நனைத்து, நட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள்தான் தொடுவார். கெட்டியான எண்ணெய் நுண்ணிய இடுக்கில் நுழையாது; நீர்த்த எண்ணெய் நுழையும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை ஏற்றம்தான் இங்கும் வேலை செய்கிறது. ஆனால், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

3. பிறகு தட்டுதல். சுத்தியலால் நட்டின் பக்கங்களில் அளவாகத் தட்டுவார். அதிர்ச்சியில் துருப்படலம் விரிசல் விடும். எண்ணெய் மேலும் உள்ளே செல்லும்.

4. அதன் பின்னர்ச் சரியான ஸ்பானர். நட்டின் ஆறு பக்கத்தையும் கவ்வும் ரிங் ஸ்பானரைத்தான் எடுப்பார். ‘ஸ்பானர் ஹிடுப்’ என்று மலாய்க்காரர்கள் அழைக்கும், வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரை இறுகிய நட்டின் அருகே கொண்டுவரவே மாட்டார். அதன் தாடை சற்றே நெகிழும். நட்டின் முனை மழுங்கிவிடும்.

5. முதல் அசைவு இறுக்கும் பக்கம். கழற்றுவதற்கு முன் மயிரளவு இறுக்கிப் பார்ப்பார். துரு உடையும் மெல்லிய ஒலி கேட்டதும் எதிர்ப்பக்கம் திருப்புவார். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்றுப் பின்னே என்று ஆட்டி ஆட்டித்தான் வெளியே கொணர்வார். ஒரே வீச்சில் இழுத்தால் போல்ட்டு முறிந்துவிடும்.

6. கடைசியாகத்தான் நெருப்பு. நட்டைச் சுட வைத்தால் அது விரியும். எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் தன் அளவில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 12 மில்லிமீட்டர் துளை 200 பாகை சூடானால் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் துருவின் பிடி தளர அதுவே போதும். சூடான மரையில் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பெட்ரோல் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவற்றின் அருகில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. வீட்டில் பழுது பார்ப்பவர்கள் இந்தப் படிக்கு வந்துவிட்டால், வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நலம்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயும் கனிம எண்ணெயும் இயற்கை இரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து கெடுத்துவிடும். அக்காலப் பிரேக்கின் உள்ளே இருந்த அடைப்பான்கள் இயற்கை இரப்பரால் ஆனவை. அதனால்தான் பழைய பிரேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் ஆல்ககாலும் கலந்து செய்யப்பட்டது. நட்டுக்கு மருந்தாவது இரப்பருக்கு நஞ்சாகும். அந்த இரப்பரைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவர்களும் அதே லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்லவா? அவர்களுக்கு அதன் இயல்பு தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

மூன்று பெட்டி ஸ்பானர்கள்

தந்தையாரிடம் மூன்று ஸ்பானர்ப் பெட்டிகள் இருந்தன. எதற்காக மூன்று என்று சிறுவயதில் எனக்குப் புரியவில்லை. உண்மையில் அவை மூன்று வரலாற்றுக் காலங்கள்.

முதற்பெட்டி விட்வொர்த். பழைய பிரிட்டிசு இயந்திரங்களுக்கு உரியது. அந்த ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது; அது போல்ட்டின் தண்டு அளவைக் குறிக்கும். அரை அங்குலம் என்று எழுதிய விட்வொர்த் ஸ்பானரின் வாய் அரை அங்குலத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்.

இரண்டாம் பெட்டி, 1948 உடன்பாட்டிற்குப் பின் பிரிட்டிசு மகிழுந்துகளில் பரவிய பொது மரைக்கு உரியது. இதுவும் அங்குலம்தான். ஆனால், இதில் உள்ள எண் நட்டின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரையுள்ள அகலம்.

மூன்றாம் பெட்டி மில்லிமீட்டர். 1958-இல் பினாங்கின் லோ பூன் சியூ என்னும் வணிகர் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை இங்குக் கொண்டுவந்தார். நாம் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கும் வண்டி அந்த வழியில் வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கு அதுவே முதல் இயந்திர வண்டி. அதன் பின்னே ஜப்பானிய மகிழுந்துகளும் லோரிகளும் வந்தன. 1972-இல் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டு நாடே மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் மில்லிமீட்டர் வண்டிகளே.

மூன்று பெட்டியும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறிவிடும். இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். நட்டு இளகியிருந்தால் அது பொருட்டில்லை. இறுகியிருந்தாலோ அந்த இடைவெளியிலேயே நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு வெட்டுளி வைத்துப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னும் விந்தையான வண்டியும் உண்டு. வில்லியம் மோரிஸ் 1923-இல் வாங்கிய இயந்திர ஆலை, பிரெஞ்சு நிறுவனம் ஒன்று இங்கிலாந்தில் நடத்தியது. அங்கிருந்த மரை வெட்டும் கருவிகள் மில்லிமீட்டர் அளவிலானவை. ஆனால், ஆங்கிலேயத் தொழிலாளரிடம் இருந்ததோ விட்வொர்த் ஸ்பானர். எனவே, மரை மில்லிமீட்டரிலும் தலை விட்வொர்த் அளவிலும் அமைந்த போல்ட்டுகள் உருவாயின. எம்.ஜி. மகிழுந்துகள் சிலவற்றில் 1955 வரை இது நீடித்தது. தலையைப் பார்த்து மரையை முடிவு செய்தவர் ஏமாந்தார்.

கப்சாயும் இப்படி ஒரு பொறியை வைத்திருந்தது. அதன் திருகாணிகளின் தலையில் கூட்டல் குறிபோன்ற பள்ளம் இருக்கும். அமெரிக்கர் என்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்று, 1936 முதல் மகிழுந்துத் தொழிலில் பரவிய பள்ளம் போலவே அது தோன்றும். ஆனால், ஜப்பானியத் தரத்தின் பள்ளம் வேறு. பிலிப்ஸ் திருப்புளியை வைத்து வலுவாகத் திருப்பினால் அது வழுக்கி மேலெழும்பித் தலையைச் சிதைத்துவிடும். ‘ஜப்பான்காரன் மட்டமான ஆணி போட்டிருக்கிறான்’ என்று குறை கூறியவர் பலர். பெரும்பாலும் குற்றம் ஆணியில் இல்லை. பொருந்தாத திருப்புளியில் இருந்தது.

நாற்பதாவது முயற்சி

இன்று ஈப்போவின் எந்த இரும்புக் கடையிலும் நீலமும் மஞ்சளுமான டபிள்யூ.டி.-40 குப்பியைக் காணலாம். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மூவர் மட்டுமே பணிபுரிந்த ஒரு சிறு நிறுவனம் அதனை உருவாக்கியது. ஈரத்தை வெளியேற்றும் திரவம் ஒன்றைத் தேடி நாற்பதாவது முயற்சியில் வென்றார்கள்; அந்த எண்ணே பெயரில் நிலைத்துவிட்டது. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பு துருவேறாமல் காப்பதே அதன் முதல் வேலை. 1958-இல் கடைகளுக்கு வந்தது. 1961-இல் அமெரிக்காவைத் தாக்கிய கார்லா புயலுக்குப் பின், வெள்ளத்தில் நனைந்த வண்டிகளை மீட்க அது லோரியில் ஏற்றி அனுப்பப்பட்டது.

ஈரத்தை விரட்டுவதுதான் அதன் பிறவித் தொழில். மிகவும் இறுகிய நட்டுகளுக்கென்றே ஊடுருவும் எண்ணெய்கள் தனியே விற்கப்படுகின்றன. எதைத் தெளித்தாலும் உடனே ஸ்பானரை எடுக்காமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. ஏவுகணைக்குச் செய்த திரவமாக இருந்தாலும் சரி, ஸ்டோர் மூலையிலிருந்த மண்ணெண்ணெய்த் துணியாக இருந்தாலும் சரி, பொறுமை இல்லாதவருக்குப் பயன்படாது.

அறிவு எங்கே போயிற்று?

1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கிக் காப்பாற்ற, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் காலம் மாறியது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஸ்டோர்கள் மூடப்பட்டன, குடும்பங்கள் ஈப்போவுக்கும் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் பெயர்ந்தன. தோட்டத்து ஃபிட்டர்களில் சிலர் நகரத்துப் பட்டறைகளில் சேர்ந்தனர். பலர் காவலாளிகளாகவும் லோரி ஓட்டுநர்களாகவும் ஆயினர். அவர்கள் கையில் இருந்த அறிவைத் தமிழில் எழுதி வைக்கும் முயற்சி எங்கும் பெரிதாக நடக்கவில்லை. தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தோம், கதைகளை எழுதினோம். ஸ்டோருக்குள் நடந்த வேலையை யாரும் கேட்கவில்லை.

அதன் இழப்பு அன்றாட வாழ்விலும் தெரிகிறது. நான் அறிந்த ஆசிரியை ஒருவர், கோலகங்சார் அருகே சாலையோரத்தில் டயர் காற்றிறங்கி நின்றார். மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் இருந்தன. மாற்றத் தெரிந்தும் இருந்தது. ஆனால், நட்டு அசையவில்லை. சில நாள்களுக்கு முன் ஒரு கடையில் காற்றுத் துப்பாக்கியால் அளவுமீறி முடுக்கியிருந்தார்கள். இருட்டும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு அவர் உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. சிறிய மகிழுந்தின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் 20 கிலோ எடை அழுத்துவதற்கு அது சமம். வண்டியோடு வரும் பிடியின் நீளம் 25 சென்டிமீட்டர் என்றால் 40 கிலோ தேவை. கடைக்காரர் இரு மடங்காக முடுக்கியிருந்தால் 80 கிலோ! 55 கிலோ எடையுள்ள ஒருவர் பிடியின்மேல் ஏறி நின்றாலும் அது அசையாது. நீளமான பிடி ஒன்றை வண்டியில் வைத்திருந்தால் வேண்டிய வலு பாதியாகும். டயர் மாற்றி வந்ததும் வீட்டிலேயே ஒருமுறை நட்டுகளைத் தளர்த்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மீண்டும் முடுக்கி வைத்தால் கவலையே இல்லை. சக்கர நட்டை ஜாக்கியில் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திவிட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் தலையை நுழைக்கக் கூடாது.

நெம்புகோல் ஆண்டுதோறும் நாம் கற்பிக்கும் பாடம்தான். வெப்பத்தால் பொருள் விரிவதும், இரும்பு துருப்பிடிப்பதும் அவ்வாறே. வாழ்வியல் திறன் என்ற பாடம் இருந்தது. பின்னர் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. எல்லாம் ஏட்டில் இருக்கிறது. இறுகிய ஒரு நட்டை வகுப்புக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் எண்ணெயில் ஊறவைத்து, மாணவர்களின் கையாலேயே கழற்ற வைத்தால் இந்த மூன்று பாடமும் ஒரே நேரத்தில் விளங்கும். தாத்தாவிடம் ஸ்பானர்ப் பெட்டி இருந்தால் அதிலுள்ள எண்களைக் குறித்துவரச் சொல்லலாம். எந்த எண் அங்குலம், எந்த எண் மில்லிமீட்டர் என்று பிரித்தால், அதுவே ஒரு வரலாற்றுப் பாடமாகும்.

தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர்களை உருவாக்க சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அதே தஞ்சோங் மாலிமில் 2003-இல் புரோட்டோன் மகிழுந்து ஆலை திறக்கப்பட்டது. ஆசிரியமும் பட்டறையும் ஒரே ஊரில் அருகருகே இருக்க முடிகிறது. நம் மனத்தில் மட்டும் ஏன் ஒன்று உயர்வாகவும் மற்றொன்று தண்டனையாகவும் இருக்க வேண்டும்?

பிள்ளைகள் மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும், ஆசிரியராகட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஸ்பானர் பிடிப்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணி அவர்கள் வளரக் கூடாது. அவ்வாறு எண்ணி வளரும் பிள்ளை தன் தாத்தாவை மதிக்கும் வழியையும் இழந்துவிடும்.

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் தோட்டத்து ஸ்டோரிலோ இரயில்வேயிலோ ஈய இலம்பத்திலோ கருவி பிடித்த முதியவர் இருந்தால், இந்த விடுமுறையில் அவரருகே பிள்ளையை அமர வையுங்கள். அவர் சொல்வதைத் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். இறுகிய நட்டுக்கு எண்ணெய் இட்டுக் காத்திருக்கலாம். அந்த முதியவர்களோ இன்னும் எத்தனை ஆண்டுகள் நமக்காகக் காத்திருப்பார்கள்?